பதினோராவது வாய்தா

ஏழு ரோட்டிலிருந்து கீழே இறங்கும் சந்தில்
பலகை இல்லாத கடை.
விசாரித்தால் கை காட்டுவார்கள்:
"வரிசை நிக்கும், அதான்."

நின்றது. மழையிலும் நின்றது.
"ஆறு பேருக்கு இடம் இருக்குமா?" என்ற
சுற்றுலாக் குடும்பத்துக்கு
நம்கியால் நிமிராமலே சொன்னான்,
"எனக்கே உக்கார இடமில்ல."
தாத்தன் வந்தது திபெத்திலிருந்து.
இவன் வைவது
சுத்தமான வத்தலக்குண்டுத் தமிழ்.

காலையில் நீதிபதி விடுப்பு.
எபினேசர் வக்கீலுக்குக் கொடுத்தது போகப்
பையில் இருநூற்று முப்பது.
காலையிலிருந்து ஒரு டீ.

சொடுக்குப் போட்டுக் கூப்பிட்டான்.
"ஒத்த ஆளா? அங்கன போ."
அங்கன என்றது
சன்னலோரம், இரண்டு பேர் மேசை.
ஈரக் குடையை முழங்காலில் சாய்த்தபடி
ஏற்கெனவே அங்கே
பிரதிவாதி ஜெயசீலன்.
என் கூடப் பிறந்தவன்.
மூன்று வருஷமாகப் பிரதிவாதி என்று சொல்லியே
நாக்கு பழகிவிட்டது.

"வேற எடம்..." என்றேன்.
"வேற கடை இருக்கு" என்றான் நம்கியால்.

இருக்கிறதுதான், இருபது அடியில்.
உட்காரும் முன்பே தண்ணீர் வைப்பார்கள்,
வணக்கம் சொல்வார்கள்,
மீதி நேரம் ஈ ஓட்டுவார்கள்.
ராத்திரி முழுக்க எலும்பு கொதித்த சூப்பில்
பூம்பாறைப் பூண்டைத் தோலோடு நசுக்கிப் போட்டு
கையால் இழுத்த நூடுல்ஸ்
அங்கே கிடைக்காது.
ஒரு வாய் குடித்தால்
காது மடல் வரைக்கும் சூடு ஏறும்.
அதற்காக மானத்தைச்
செருப்போடு வாசலில் விடலாம்.
உட்கார்ந்தேன்.

நாற்பது நிமிஷம்.
மேசை துடைக்க வந்த பையன்
அவன் பக்கத்து அழுக்கை
என் பக்கம் தள்ளிவிட்டுப் போனான்.
நான் தோட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்:
பேரி நாற்பத்தொன்று,
காய்க்காதது ஆறு,
வேலியை ஒட்டி ஒரு பிளம்ஸ்
(அது யாருக்கு என்று மனுவில் இல்லை).
அவன் மிளகாய்க் குப்பியின் மூடியைத்
திறந்தான், மூடினான், திறந்தான்.
சும்மா இருக்கத் தெரியாத கை,
பள்ளிக்கூடத்திலும் அதற்குத்தான் அடி வாங்கியது.

கடைசியில் வந்தது.
அவன் முன்னால் என் சூப்பு.
என் முன்னால் அவன் கேட்ட வறுத்தது.
வைத்த வேகத்தில் பாதி சூப்பு மேசையில்.

பையன் திரும்பிவிட்டான்.
நான் சத்தமாகக் கூப்பிட்டேன்,
"தம்பி!"

பையன் நிற்கவில்லை.
எதிரே இருந்தவன் நிமிர்ந்தான்.

நிமிர்ந்தவன்
தன்னை இல்லை என்று தெரிந்து
குனிய ஒரு கணம் ஆயிற்று.
அந்த ஒரு கணத்தை
எங்கே பார்ப்பது என்று தெரியாமல்
நான் சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் படித்தேன்.

பிறகு கிண்ணம் நகர்ந்து வந்தது.
நான் தட்டைத் தள்ளினேன்.
நடுவில் கொட்டிய சூப்பில்
இரண்டும் கோடு இழுத்துக்கொண்டு கடந்தன.

பேசவில்லை. உறிஞ்சும் சத்தம்தான்.
அவன் இன்னும் வெங்காயத்தாளைப் பொறுக்கித்
தட்டோரம் ஒதுக்குகிறான்.
முன்பெல்லாம் அது எனக்கு.
என் கை பாதி தூரம் போய்விட்டு
வினிகரை எடுத்துக்கொண்டது.

ஒரே பில் வந்தது. முந்நூற்று நாற்பது.
"நாங்க தனித்தனி" என்றேன்.
என் பையையும் அவன் பையையும்,
இரண்டிலும் பிதுங்கிய கேஸ் கட்டையும் பார்த்துவிட்டு
நம்கியால் சொன்னான்,
"அத கோர்ட்டுல போய்ச் சொல்லு.
இங்க ஒரு மேசைக்கு ஒரு பில்லு."

ஆளுக்கு நூற்றெழுபது.
அவனிடம் பத்து ரூபாய் குறைந்தது.
போட்டேன்.
வழக்குச் செலவு நோட்டில்
மறக்காமல் எழுதியும் வைத்திருக்கிறேன்.

படியிறங்கும்போது குடையை விரித்தான்,
ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்து.
காற்றுக்காகவும் இருக்கலாம்.
நான் நனைந்துகொண்டே
பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினேன்.

அடுத்த வாய்தா நவம்பர் இருபத்தாறு.
மழை விட்டிருக்காது.
வரிசையும் குறைந்திருக்காது.