மூன்று முதல் ஐந்து முறை

புந்தா அரேனாஸில் காற்று மிரளும் நாட்களில்
நகராட்சி ஆட்கள் தெருவோரம் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்தபடிதான் வந்தார்கள் இருவரும்.
நியேவெஸுக்கு ஏழாம் மாதம்.
அவள் கைப்பையையும் எலியேசரே சுமந்திருந்தான்.

அவளுக்கு எடை பார்க்கும் அறை,
அவனுக்குத் தடுப்பூசி அறை.
கேள்வித்தாள் ஒன்றுதான்.
சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ட்ரினிடாட்.
ஒருவர் சொல்வது மற்றவர் காதுக்குப் போகாது
என்று முதலில் வாசித்துக்காட்ட வேண்டும்.
காட்டினேன்.

கடந்த பன்னிரண்டு மாதங்களில்
உங்கள் துணைவர் உங்களைத் தள்ளியதுண்டா?
ஒருபோதும் இல்லை, ஒருமுறை, இருமுறை,
மூன்று முதல் ஐந்து முறை, அதற்கும் மேல்.

"தள்ளுவது என்றால் எவ்வளவு?"
விளக்கக் கூடாது. அப்படியே மறுபடி வாசிக்கலாம்.
வாசித்தேன்.
"விழுந்தால்தான் கணக்கா?
சுவர் தாங்கிக்கொண்டால்?"
வாசித்தேன், அதே குரலில்.
குழந்தை உதைத்திருக்க வேண்டும்,
விலாவில் கைவைத்துக் கொஞ்சம் பொறுத்தாள்.
"ஒருபோதும் இல்லை."

படியேறும் சத்தத்திலேயே
எத்தனை கோப்பை என்று சொல்லிவிடுவாளாம்.
சிரித்துக்கொண்டே சொன்னாள்.
எதிலும் குறிக்கவில்லை நான்.

நீங்கள் அவரை அடித்ததுண்டா?
"ஒருமுறை" என்றாள் சட்டென்று.
"மரக்கரண்டியால், முழங்கையில்.
ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை."

எல்லோரும் போன பிறகு
இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து
எண்களைக் கணினியில் ஏற்றினேன்.
கரண்டி அடி, அவள் தாளில் ஒன்று.
அவன் தாளில் பூஜ்யம்.
தள்ளியது, அவள் தாளில் பூஜ்யம்.
அவன் தாளில், மூன்று முதல் ஐந்து.
ஓரத்தில் ட்ரினிடாடின் பென்சில் குறிப்பு:
விரல் மடக்கி எண்ணினார்.
நான்காவது விரலில் நிறுத்தி
தண்ணீர் கேட்டார்.

பதில்கள் முரண்பட்டால்
பெரிய எண்ணை எடுத்துக்கொள்க என்கிறது கையேடு.
எடுத்துக்கொண்டேன்.
யார் யாரை மறைத்தார்கள்,
அன்பாலா, வேறெதனாலா என்று
கையேடு கேட்கவில்லை. நானும்
ஒன்பதரை வரைக்கும் விளக்கை அணைக்கவில்லை.

பதில் எதுவானாலும் எல்லோருக்கும்
கடைசியில் ஒரு சீட்டு தருவோம்,
உதவி எண் அச்சிட்டது, கட்டைவிரல் அகலம்.
எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தரப்
பயிற்சியும் உண்டு எங்களுக்கு.
நான் வாய் திறப்பதற்குள்
நியேவெஸ் மூச்சிரைக்கக் குனிந்து,
வயிற்றை ஒரு பக்கம் ஒதுக்கி,
இடது காலணியைக் கழற்றினாள்.
உள்தோலைத் தூக்கி
சீட்டை அடியில் வைத்து அழுத்தினாள்.
அங்கே ஏற்கெனவே
நான்காக மடித்த ஒரு பணத்தாள் இருந்தது.