கசிவு

மாதத்தில் ஐந்து இரவு
பள்ளிக்கூட பல்பு மங்குகிறதாம்.
புகார்க் கடிதம் மூன்று முறை வந்துவிட்டது.
சரக்குக் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே
லுகன்வில்லிலிருந்து மேவோ தீவுக்கு
பழுது பார்க்க வந்தேன்.

மின்நிலையம் ஹெட்டி தாரியின் பொறுப்பு.
பதினான்கு மாதப் பேரேடு.
மற்ற நாள்களில் எண்கள்.
அந்த ஐந்து நாளில் மட்டும்
ஒரே சொல், ஒரே சாய்வில்:
கசிவு.

குழாயைத் தட்டிப் பார்த்தேன்.
மூட்டுகளில் விரல் ஓட்டினேன், காய்ந்திருந்தன.
சுழலி தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது,
குறை சொல்ல ஒன்றுமில்லை.
இருட்டிய பிறகுதான்
தடுப்புச் சுவர் வரை ஏறிப் போனேன்.

மதகு கட்டைவிரல் அளவு தூக்கியிருந்தது.
இடுக்கில் செருகிய தேங்காய்ச் சிரட்டை.
சுவர் முழுக்க, இரண்டு ஆள் உயரத்துக்கு,
தண்ணீர் ஒரு தோல் போலப் போர்த்தியிருந்தது.

டார்ச் அடித்தேன்.
சுவர் நகர்ந்தது.

விரற்கணு நீளம்.
கண்ணாடி உடம்புக்குள் குடல் ஒரு கோடு.
பொரித்த இரவே ஆறு அடித்துக்கொண்டுபோய்க்
கடலில் கொட்டியவை.
மாதக்கணக்கில் உப்பில் மிதந்து
எந்த ஆறு என்று கேட்காமல்
ஏதோ ஓர் ஆற்றின் நன்னீர் ருசிக்குத் திரும்பியவை.

வாய் கவ்வும்.
வயிற்றுத் துடுப்பு கிண்ணமாய் ஒட்டும்.
வாய் விடும்.
வயிறு பிடிக்கும், வாய் மேலே போகும்.
வாய். வயிறு. வாய்.
நூற்றுக்கணக்கில், சத்தமே இல்லாமல்,
சிமெண்டுப் பூச்சில் மேஸ்திரி விட்ட
ஒவ்வொரு கரண்டித் தழும்பையும் தடவி.

ஒன்று என் முழங்கால் உயரத்தில் நழுவியது.
கடுகு விழுந்தாலாவது கேட்டிருக்கும்.
கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து
அதுவோ, வேறொன்றோ.

ஹெட்டி பின்னால் நின்றிருந்தாள்,
கையில் சேம்பு பிடுங்கிய சேறு.
“மூடப்போகிறீர்களா?”
நான் வாட்டர் லெவல் பார்ப்பதுபோல் குனிந்தேன்.
“பெரிதானதும் இலையில் சுற்றிச் சுடுவோம்,
ரொம்ப ருசி,” என்றாள்.
“அதற்கு முதலில் மேலே வரவேண்டுமே.”

வாத்தியாரைப் பற்றிக் கேட்டேன்.
“அவரும்தான் தின்கிறார்.”

அறிக்கையில் ‘காரணம்’ என்றொரு கட்டம்.
பேனாவை அதன்மேல் வைத்தேன், மை ஊறியது.
கப்பல் விடியலில்.
மங்கிய பல்பின் கீழ் சவரம் செய்ததில்
மோவாயில் வெட்டு, சின்னதுதான்,
லோலோவாய் தாண்டும் வரை
நிற்காமல் கசிந்தது.