இரவல்

செம்பனை ஆலையின் எடைமேடைக் கூண்டில்
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
நாவல் படிக்கிறவள் நான்.
கோவில் அலமாரியில் எடுத்தவை.
எல்லாவற்றிலும்
பதினெட்டாம் அத்தியாயத்தில் குடிகாரன் மனந்திரும்புவான்,
இருபதில் மழை பெய்யும்,
ஆஸ்பத்திரிக் கட்டிலில் யாராவது கண் திறப்பார்கள்.
தெரிந்தேதான் படிக்கிறேன்.
பதினேழில் இருக்கும்போது ஹாரன் அடிக்கிற டிரைவரை
எனக்குப் பிடிக்காது.

ஞாயிறு பூசை முடிந்ததும்
பாகான் செராய்க் கோவிலின் பின்னறை.
பிளாஸ்டிக் நாற்காலிகள், சூடான மைலோ, பதினோரு பிள்ளைகள்.
படப் புத்தகங்களை நான் வாசித்துக் காட்ட வேண்டும்.
எங்கிருந்தோ பெட்டி பெட்டியாக வந்தவை.
ஆட்டுக்குட்டிகள் பஞ்சு மிட்டாய் நிறம்,
பெத்லகேமில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது.
"பனின்னா ஐஸ் கச்சாங் மாதிரியா டீச்சர்?"
ஆமாம் என்றேன்,
சிவப்பு சிரப் மட்டும் இருக்காது.

அதில் ஒன்று
பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன மகனின் கதை.
செலவழிக்கிறான். பன்றிகளோடு படுக்கிறான்.
எழுந்து நடக்கிறான், நடக்கிறான்,
தூரத்தில் வீடு ஒரு புள்ளியாகத் தெரிகிறது.
அங்கே புத்தகம் முடிந்துவிடும்.
கடைசித் தாளை யாரோ எடுத்திருந்தார்கள்.
அடிமட்டம் வைத்துக் கிழித்த மாதிரி,
தையல் நூல்கூடப் பிரியாமல்.

மீதியை நானே சொல்லியிருக்கலாம்.
பிள்ளைகளிடம் விட்டேன்.
கதவு பூட்டியிருக்கும், எல்லாரும் தைப்பிங் போயிருப்பாங்க
என்றான் லூர்துநாதன்.
நாய் துரத்தும் என்றான் டெரன்ஸ்.
முதல்ல குளிக்கச் சொல்வாங்க, நாறும்ல,
இது மிஷல்.
செலஸ்தினா மட்டும்
மைலோவில் விழுந்த பிஸ்கட் கரைவதை
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பரில் வீடு வீடாகப் பாடப் போனோம்.
ஒரு கித்தார், ஒரு உண்டியல்,
துண்டில் சுற்றிய பாலன் பொம்மை என் கையில்.
தோட்டத்தை விற்றபின் கட்டிக்கொடுத்த மலிவு வீடுகள்,
வரிசையில் ஏழாவது.
செலஸ்தினாவின் அம்மா குளோரி
முறுக்குத் தட்டோடு வந்தாள்.
அவர் ஜோகூர்ப் பக்கம் லாரி ஓட்டுறாரு
என்று நாலு வருடமாகச் சொல்கிறவள்
இந்த வருடமும் சொன்னாள்.

பாட்டுக்காகச் சுவரோடு விரியத் திறந்திருந்த கதவை
கடைசியாக வெளியேறிய நான் இழுத்தேன்.
உட்பக்கம், என் இடுப்பு உயரத்தில்,
அந்தத் தாள்.
நாலு மூலையும் சோற்றுப் பருக்கையால் ஒட்டியது.

விரிந்த கைகளோடு ஓடிவரும் கிழவர்,
கழன்று பறக்கும் ஒரு செருப்பு.
தாடியை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தது.
தலையில் கறுப்பு மார்க்கரில் இரட்டைப் பின்னல்,
நுனியில் சிவப்பு ரிப்பன்.
எதிரே கந்தலில் நிற்கிறவனுக்கு
ஒரு தொப்பி, அடர்ந்த மீசை,
இடுப்பில் லாரிச் சாவி.

செலஸ்தினா என்னைப் பார்த்தாள்.
நான் பாலனைப் பார்த்தேன்.
பாலன் துண்டுக்குள்ளிருந்து வேறெங்கோ பார்த்தது.
தாள் மடங்காமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் எடைமேடைக் கூண்டில்
அலமாரிப் பதிவேட்டை விரித்து
'சேதம்' என்று எழுதியிருந்ததை அடித்தேன்.
கடைசித் தாள், இரவல்.
எடுத்தவர்: செ.
திருப்பித் தரும் தேதிக்கான கட்டத்தில்
பேனா நின்ற இடத்தில் ஒரு நீலப் பொட்டு.

வெளியே ஹாரன்.
எண்ணெய் டாங்கர்.
'ஜே'யில் தொடங்கும் நம்பர் பிளேட்.
கூண்டைவிட்டு எட்டி
டிரைவரின் முகத்தைப் பார்த்தேன்.
சின்னப் பையன், மீசையே இல்லை.
"என்னக்கா?" என்றான்.
ஒன்றுமில்லை என்று எடை போட்டேன்,
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
மேசைமேல் குப்புறக் கிடந்தது நாவல்,
பதினேழாம் அத்தியாயத்தில்.