ம்

கடைசி ரயில் போய் இருபது நிமிஷமாம்.
திருப்பூர் ஸ்டேஷன் வாசலில் டீக்காரர்
பாய்லரைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டே சொன்னார்:
"பெருமாநல்லூர் பைபாஸ் போயிருங்,
லாரி ஏதாச்சும் நிக்கும்."

நின்றது.
பல்லடத்துக் கறிக்கோழி, சேலம் போகிற வண்டி.
"ஈரோடுங்களா, சித்தோட்டுல எறக்கி உடறேன்.
காசு வேண்டாமுங்.
பேசிக்கிட்டே வரோணும், அவ்வளவுதான்.
ரெண்டு நாளாக் கண்ணு மூடலீங்."

பேசினேன்.
செக்கிங் மேசை, ஷிப்மெண்ட்,
ஓட்டை விழுந்து திரும்பி வந்த நாற்பது டஜன் பனியன்,
பிறந்து பதினோரு நாளான மகளுக்கு
இன்னும் வைக்காத பேர்.
விஜயமங்கலம் டோல்கேட் விளக்கு வரைக்கும் ஞாபகம்.

விழித்தபோது ஜன்னலில் ஈரக்காற்று.
"காவிரி தாண்டிட்டமுங்" என்றார் சென்னியப்பன்,
கன்னத்தைப் புறங்கையால் துடைத்தபடி.
"எடையில நிறுத்த மனசு வல்லீங்.
இத்தன வருசத்துல யாருகிட்டயும் சொன்னதில்ல.
நீங்க பாட்டுக்கு ம் கொட்டிட்டே வந்தீங்களா,
பூராத்தையும் சொல்லிப்போட்டேன்."

எதை என்று
எப்படிக் கேட்பது.

குமாரபாளையம் முனையில் இறங்கினேன்.
கூண்டுகளில் ஒன்றுகூடத் தூங்கவில்லை.

மூன்றேகால். பவானிப் பக்கம் திரும்பி நடந்தேன்.
பாலத்தின் நடுவில் நின்று
ஒரு தடவை "ம்" என்று சொல்லிப் பார்த்தேன்.
இப்படியா இருந்திருக்கும்?
இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, இன்னொரு தடவை.
கீழே தண்ணீர் அதிகமில்லை.
பாறைக்குப் பாறை எதையோ
முனகிக்கொண்டு போனது.