இன்னும் வராத லாரி

எனக்குச் சம்பளம் பத்தொன்பதாயிரம்.
புள்ளிகள் இருபத்தோராயிரத்து நானூற்று ஆறு.
சம்பளம் ஏறி மூன்று வருடமாகிறது.
புள்ளி, நான் தூங்கும்போதும் ஏறும்.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் இரவு ஷிப்ட்.
கட்டை எழும்பாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள்.
எழும்பும் நேரமெல்லாம்
முகம் தெரியாத புரோகிராமர்களுக்குச்
சிக்கெடுத்துக்கொண்டிருப்பேன்.
பதில் பிடித்தால் எட்டு.
கேட்டவரே டிக் அடித்தால் இருபது.
பிடிக்காவிட்டால் மூன்று கழியும்,
கழித்தது யாரென்று சொல்லமாட்டார்கள்.

ஒரு புள்ளிக்காரர் கேள்வி கேட்கலாம்,
பதில் போடலாம், அவ்வளவுதான்.
இருபது வந்தால் அடுத்தவருக்குத் தலையாட்டலாம்.
நூறில் குறுக்கே பேசலாம்.
மூவாயிரத்தில் ஒருவர் வாயை மூடலாம்.
இருபதாயிரத்தில்
மூடிய வாய்களெல்லாம் என்ன சொல்லின
என்று படித்துப் பார்க்கலாம்.
அந்தப் படிக்குப் பெயர் காவலர்.

இங்கேயும் ஒரு பலகை இருக்கிறது,
யார் யார் காசு கொடுக்காமல் போகலாமென்று.
அதில் காவலர் திம்மராயன் இல்லை.
ஓசூருக்குப் போனால் நானும் கட்டித்தான் போகிறேன்.

நேற்று இரவு
ஏழாம் லேனிலிருந்து நசீமா கூப்பிட்டாள்.
ஓசூர் ரோஜா ஏற்றிய லாரி,
விடிவதற்குள் சென்னையில் இருக்கவேண்டியது.
கட்டை அசையவில்லை.
பின்னால் ஒன்பது வண்டி, ஒன்பது ஹாரன்.
டிரைவர் பாதி தெலுங்கில், பாதி தமிழில்
என் அம்மா வரைக்கும் வந்துவிட்டார்.

திரையைப் பார்த்தேன்.
வண்டி லேனுக்குள் நுழைந்தது, நாளின் கடைசி இரண்டு விநாடி இருக்கும்போது.
கட்டையருகே வந்தது பன்னிரண்டு தாண்டி மூன்றாம் விநாடியில்.
வந்ததிலிருந்து நுழைந்ததைக் கழித்தால்
ஒரு முழு நாள் மைனஸில் நிற்கிறது.
லாரி இன்னும் வரவில்லை என்கிறது இயந்திரம்.
வராத லாரியின் ஹாரன்
சையத் பாஷா மலையில் மோதித் திரும்புகிறது.

புரோகிராமைத் திறந்தேன்.
எழுதியது நொய்டா கம்பெனி.
நாற்பத்திரண்டாம் வரிக்குப் பக்கத்தில்
ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல்:
போதும்.

நொய்டாக்காரருக்கு அது என்னவென்று பட்டதோ,
ஏதோ முக்கியமான சூத்திரமாக்கும் என்று
பத்திரமாக விட்டு வைத்திருக்கிறார்.
ஆறு வருடத்துக்கு முன்
அரைத்தூக்கத்தில் நான் போட்ட பதில்.
இதுவரை ஈட்டியது நாலாயிரத்து எண்ணூறு.
என் ஏணியில் கால்வாசி அது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது.
அதன் கீழே யாரோ ஏதோ கேட்டிருந்தார்கள்.
காவலர் ஆயிற்றே, மூடியதைப் பார்க்கும் கண் உண்டே.
பார்த்தேன்.

பெயர் ஜெயசுதா. புள்ளி ஒன்று.
நூறு இல்லாததால் குறுக்கே பேச முடியாமல்
பதில் போடும் இடத்தில் போட்டிருந்தாள்:
"இது நள்ளிரவில் என்ன செய்யும்?"
மூடிய காரணம்: இது பதில் அல்ல.
மூடியவர்: நான்.
அவள் கடைசியாக வந்தது: அதே நாள்.

விதிப்படி நான் செய்தது சரி.
அது பதில் இல்லைதான்.

என் பதிலை அழிக்கப் போனேன்.
டிக் வாங்கியதை எழுதியவரே அழிக்க முடியாதாம்.
அதையும் இன்றைக்குத்தான் படித்தேன்.
சரி, மேலே ஒரு வரி சேர்த்தேன்,
நள்ளிரவில் இது தப்பு, கண்டுபிடித்தது ஜெயசுதா என்று.
அவள் கேள்வியைத் திறந்துவிட்டேன்.
எட்டு கொடுத்தேன்.
ஒன்று ஒன்பதானது.
யாரும் குடியில்லாத வீட்டில் தபால்காரர்
கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவதுபோல் இருந்தது.

சேமித்து முடிப்பதற்குள்
என் கணக்கில் டிங் என்றது.
பெரு நாட்டில் யாருக்கோ பிடித்திருக்கிறது. எட்டு.

"அண்ணா, தூக்குறீங்களா இல்லையா?"
நசீமா கத்தினாள்.

போய் நட்டைக் கழற்றித்
தோளில் தாங்கினேன் கட்டையை.
லாரி நகர்ந்தது.
தார்ப்பாய் இடுக்கில் ஈர ரோஜா வாசனை.
டிரைவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அடுத்த வண்டி, அதற்கடுத்தது.
ஒன்பதையும் எண்ணி விட்டேன்.