எதிர்க்காற்றில் புறப்படு

சுகிர்தா,
வாசலில் நின்று முதலில் காற்றைப் பார்.
வின்னிபெக்கில் அதைத் தேட வேண்டியதில்லை,
அதுவே வந்து கன்னத்தில் அறையும்.
போகும்போது அதன் முகத்துக்கு நேரே ஓடு,
திரும்பும்போது முதுகில் இருக்கட்டும்.

மாற்றிச் செய்தவள் நான்.
வெலிங்டன் கிரெசன்ட் முழுக்க
யாரோ பின்னால் பிடித்துத் தள்ளுவதுபோல் பறந்தேன்.
எனக்கும் ஓட்டம் வந்துவிட்டது என்று
ஒரு நாய்க்குக்கூடக் கையசைத்தேன்.
திரும்பிய கணம்
பெனியனில் ஊறிய வியர்வை தகரமானது.
ஐந்து கிலோமீட்டர்
தகரம் உடுத்து நடந்து வந்தேன்.

பருத்தி வேண்டாம். குடித்ததை அது விடாது.
கிளம்பும்போது கொஞ்சம் நடுங்கவேண்டும்;
நடுங்கவில்லை என்றால் உடுப்புக் கூடிப்போச்சு.

சப்பாத்தைக் காலையில் வாங்காதே.
கால் வீங்கிய பிறகு போ.
நமக்கென்ன, சலவைக்கூடத்தில்
எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு நேரே போகலாம்.
பெருவிரலுக்கு முன்னால்
ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்கவேண்டும்.
நிறத்தைக் கடைசியாகப் பார்.
போன வருட மாதிரி பாதி விலைக்குக் கிடக்கும்,
காலுக்கு நாட்காட்டி தெரியாது.
அளவு சரியென்று அடம்பிடித்து நான் வாங்கியதற்கு
சாட்சி வேண்டுமென்றால்
என் இடது காலில் ஒரு நகம் இருக்கிறது,
நாவற்பழ நிறத்தில்.

வாஸ்லீன்.
எங்கே பூசுவதென்று நேரில் கேட்காதே, சிரித்துவிடுவேன்.
மார்புக்கச்சையின் விளிம்பு, தொடையின் உட்பக்கம்,
அக்குள்.
எதை மறந்தாய் என்று
குளிக்கும்போது வெந்நீர் சொல்லும்.

தொலைபேசியை உடம்போடு ஒட்டி வை,
குளிரில் அது உனக்கு முன்னால் செத்துப்போகும்.
பேரீச்சம்பழத்தையும் அப்படியே.
வெளிப்பையில் வைத்தால் மைனஸ் இருபதில்
பல்லுக்கு ஆபத்து.

வேகத்துக்கு மணிக்கூடு தேவையில்லை.
கதைத்துக்கொண்டே ஓட முடிகிறதா, அதுதான் வேகம்.
நான் டார்லீனை வைத்து அளப்பேன்.
மூன்றாம் இயந்திரத்தைப் பழுதாக்கியது நாம்தான் என்று
அவள் எழுதிக்கொடுத்தாளே,
அந்த முறைப்பாட்டுக்கு என் முழுப் பதிலையும்
ஒரு சொல்லும் உடையாமல் சொல்லி முடித்தால்
சரியாக ஓடுகிறேன்.
“அவ… நேற்று… அந்த…” என்று வந்தால்
குறைத்துக்கொள்.
டார்லீனுக்குத் தெரியாது,
இந்த நகரத்தின் முக்கால்வாசித் தெருக்களில்
அவளைத் திட்டியிருக்கிறேன்.

இனி நோவு.
இதைக் கவனமாக வாசி.
உள்ளங்கையால் தடவித்தான் காட்ட முடிகிறதென்றால்
அது உழைத்த தசையின் அலுப்பு,
நாளைக்குத் தணியும்.
ஒற்றை விரலால் தொட்டு
‘இங்கே’ என்று காட்ட முடிந்தால்
நில்.
அன்றைக்கே நில். பாலத்தின் நடுவில் என்றாலும்.
பஸ் வரும்.

எனக்குத் தெரிந்திருந்தது.
மாசி மாதம், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில்
ஒரு சத அளவு இடம்.
விரலை வைத்துப் பார்த்தேன்,
எடுத்தேன்,
கையுறையை மாட்டிக்கொண்டு
பதினாறு கிலோமீட்டர் ஓடினேன்.
அட்டவணையில் பதினாறு என்று போட்டிருந்தது.

படத்தில் மயிர் அளவு கோடுதான்.
சலவைக்கூடத்தில் எல்லோரிடமும்
படியில் சறுக்கியதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.
உனக்கும் அப்படித்தான் சொன்னேன்.

ஆகவே ஜூனில் நான் ஓடவில்லை.
பெயர் கொடுத்த காசும் திரும்பாது.
நீ ஓடு.
முதல் மூன்று கிலோமீட்டரில்
கிழடு கட்டைகள் எல்லாம் உன்னை முந்தும்,
முந்தட்டும்.
பதினேழாவதில், அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்தில்
மடக்குக் கதிரை போட்டு இருப்பேன்.
உப்புப் போட்ட உருளைக்கிழங்கு கொண்டுவருவேன்.
நிற்காமல் வாங்கிக்கொண்டு போ,
நின்றால் கால் இறுகிவிடும்.
அப்போது “எப்படி இருக்கு” என்று கேட்பேன்.
டார்லீனைப் பற்றி
ஒரு முழு வசனம் சொல்லவேண்டும்.

இந்தப் பைக்குள் இருப்பது
சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள்.
சித்திரை வரைக்கும் நடைபாதையில் பனிக்கட்டி இருக்கும், போட்டுக்கொள்.
வலதில் ஒரு முள் இல்லை.
கார்த்திகைக்கு முதல்
திருப்பித் தந்துவிடு.