ஜூனில் என் முறை

பெருங்குடியில் ஆறாவது மாடி.
ராத்திரி ஒன்பதுக்கு உள்ளே போனால்
விடிந்து ஆறுக்கு வெளியே.
அமெரிக்காவில் கூட்டங்களில் சேரும் நன்கொடைச் சீட்டு
அன்றைக்கே ஸ்கேனாகி எங்களிடம் வரும்.
பெயர், ஊர், தொழில், தொகை, குறிப்பு.
கையெழுத்தைப் பார்த்துத் தட்டவேண்டும்,
நூற்றுக்கு ஒரு பிழைவரை மன்னிப்பு.

வேட்பாளர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று
ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.
முன்பு பள்ளியில் கணக்கு எடுத்தவராம்,
அதனால் எங்களுக்கு அவர் டீச்சர்.

டிசம்பரில் ஒரு ராத்திரிக்கு நாலாயிரம் சீட்டு.
கண்ணகி நகர் ஜெபசீலி
கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டுத் தட்டுவாள்.
புதிதாக ஆறு பேரை எடுத்தார்கள்.
பொங்கலுக்கு லீவு இல்லை, இரட்டைச் சம்பளம்.
என் பைக்கின் மூன்று தவணையை
டீச்சர்தான் கட்டினார் என்று சொல்லலாம்.

அயோவா என்று ஒரு மாநிலம்.
சென்னையைப் பாதியாக வெட்டினாலும்
அதைவிட நமக்கு ஜனம் அதிகம்.
பனியில் நடந்து பள்ளிக்கூட ஹாலுக்கு வந்து
அவர்கள்தான் முதலில் சொல்வார்களாம்,
கட்சிக்கு யார் நிற்கலாம் என்று.
அங்கே மாலை ஏழு, இங்கே காலை ஆறரை.
கேப் டிரைவரைக் கெஞ்சி நிறுத்திவைத்துவிட்டு
எட்டு மணிவரை திரையைப் பார்த்தோம்.
நாலாம் இடம்.

"இன்னும் நாப்பத்தொம்பது மாநிலம் இருக்கே சார்"
என்றேன்.
டீம் லீடர் வேதமுத்து இயர்போனைக் கழற்றினார்.
"முதல் ரவுண்டு எண்ணி முடிச்சதும்
எந்தக் கட்சி ஆபீஸ் வாசல்ல
வாடகை சேரை மடிக்கிறாங்கன்னு
நீ பார்த்ததே இல்லையா?
ஓட்டெல்லாம் பெட்டியில இருக்கும்.
ஆள் இருக்க மாட்டாங்க."

மறுநாள் ராத்திரி ஆயிரத்து எழுநூறு.
அதற்கு மறுநாள் தொள்ளாயிரம்.
பிறகு நியூ ஹாம்ப்ஷயர், இன்னொரு சின்ன மாநிலம்.
அங்கே மூன்றாம் இடம்,
ஒரு படி ஏறியிருக்கிறார், நல்லாவும் பேசினாராம்.
வந்த சீட்டு நூற்றுப்பத்து.

கடைசிவரை நிற்பேன் என்று
டீச்சர் டிவியில் கையசைத்துக்கொண்டிருந்தார்.
கீழே டீக்கடையில் நாங்கள் அதைச் சத்தமில்லாமல் பார்த்தோம்.
பள்ளிக்கரணைப் பக்கமிருந்து குப்பைப் புகை.
எத்தனை நாள் நிற்பார் என்று
அந்த நேரத்தில் அவரைவிட எங்களுக்குத் தெரியும்.
யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை.
தோற்பார் போலிருக்கிறதே என்று
யாரோ முதலில் நினைத்தார்கள், அவ்வளவுதான்.

அந்த நூற்றுப்பத்தில் ஒன்று:
ஊர், மொன்டானாவில் ஏதோ.
தொழில், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.
தொகை, ஐந்து டாலர்.
குறிப்பு:
'எங்களுக்கு வாக்குப்பதிவு ஜூனில்.
என் முறை வரும்வரை இருங்கள்.'

இரண்டு தடவை சரிபார்த்தேன்.
பிழை இல்லை.

வெள்ளிக்கிழமை டீச்சர் விலகினார்.
திங்கட்கிழமை எங்கள் அட்டை கதவைத் திறக்கவில்லை.
புதிதாக வந்த ஆறு பேரை அதோடு அனுப்பிவிட்டார்கள்,
அதில் ஒருத்தனுக்கு
முதல் சம்பளமே வந்திருக்கவில்லை.
மீதிப் பேர் ஐந்தாவது மாடிக்கு இறங்கினோம்.
இப்போது ஆஸ்பத்திரி பில் தட்டுகிறோம்.
அதில் குறிப்பு என்று கட்டம் கிடையாது.

ஜூன் வந்தது. கத்திரி போயும் வெயில் போகவில்லை.
ஜெபசீலிதான் போனில் பார்த்துச் சொன்னாள்,
இன்றைக்கு மொன்டானா.
அச்சடித்த சீட்டில் டீச்சர் பெயர் இன்னும் இருக்கிறதாம்,
எடுக்க நேரமில்லையாம்.
"உன் பஸ் டிரைவர் போட்டிருப்பாரா?" என்றாள்.

அங்கே அப்போது காலை,
பிள்ளைகளை ஏற்றும் நேரமாக இருக்கும்.
இல்லை, பள்ளிக்கு லீவு விட்டிருப்பார்கள்.
அவருக்கு வேறு வேலை இல்லை,
போயிருப்பார்.

கீழே கேப் ஹார்ன் அடித்தது.
கடைசியாக இறங்கியவன் நான்.
பின்சீட்டில் நடுவில்
முழங்கால் இடிக்கும் அந்த இடம் மட்டும்
காலியாக இருந்தது.